மூன்றாவது விசிலில் அடிப்படை உரிமை

பல் டாக்டருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: வலி வராமல் ஒருத்தரும் எங்களைத் தேடி வருவதில்லை, வலி போன பிறகு ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாகூரில் பதினான்கு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் "ஆம்பள ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்டவர்கள், இப்போது "கம்ப்யூட்டரக்கா இல்லியா?" என்று கேட்கிறார்கள். அதுவே பெரிய முன்னேற்றம். நீங்களும் ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் என்றால், கீழே வருவது உங்களுக்கும் நடந்ததாகவே இருக்கும்.

அம்புக்குறியைப் பார்த்தவர்

மகளின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அது மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் ஸ்கிரீனையே பார்த்தார். அதில் ஒரு டோரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அம்புக்குறி கீழே இறங்க, இன்னொன்று மேலே ஏற, பக்கத்தில் ஏதேதோ ஊர்க்காரர்களின் பட்டியல். அவர் குரல் மாறிவிட்டது. இது சட்டப்படி குற்றம் தெரியுமா என்றார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். இறங்குவது சினிமா இல்லை, பழைய கம்ப்யூட்டர்களில் போடுகிற இலவச சாஃப்ட்வேர். அதைச் செய்தவர்களே இந்த வழியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரே ஃபைலைத் துண்டு துண்டாக்கி, யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவரிடமிருந்து நேராக வாங்குகிறோம். நம்மிடம் வந்த துண்டைக் கேட்கிறவருக்கு நாமும் கொடுக்கிறோம். நடுவில் பெரிய கம்பெனி, பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சினிமா திருடுகிறவர்கள் இந்த ரோட்டில் போனார்கள் என்பதற்காக ரோட்டையே திருடன் என்று சொல்லலாமா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சரிம்மா, நீ திருடல, ஒத்துக்கிறேன். ஆனா புதுப்படம் எதுனா இருந்தா மட்டும் சொல்லு."

சந்தன மவுஸ்

எங்கள் பக்கத்தில் ஆயுதபூஜைக்கு டிராக்டர், தையல் மெஷின், அரிவாள் எல்லாவற்றுக்கும் கிடைக்கிற மரியாதை கம்ப்யூட்டருக்கும் கிடைக்கிறது. துடைத்து, மானிட்டருக்கு மூன்று பட்டை விபூதி போட்டு, மாலை சாத்தி, பொரிகடலை வைத்துப் படைப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போடும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். அதில் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். பிரச்சினை மவுஸுக்கு வைக்கிற பொட்டில்தான். மேலே வைத்தால் போதாதென்று புரட்டிப் போட்டு, அடியில் வெளிச்சம் வருகிற கண்ணிலும் சந்தனத்தை அப்பிவிடுவார்கள். வருஷா வருஷம் பூஜை முடிந்து எனக்கு வருகிற முதல் கேஸ் அதுதான்.

ஒரு வருஷம் அப்படி வந்த மவுஸை, கொண்டு வந்த பெரியவர் முன்னாலேயே ஈரப்பஞ்சால் துடைத்தேன். வேலை செய்தது. அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"சாமிக்கு வெச்ச பொட்டை அழிச்சிட்டு, இதுக்குப் பேரு சர்வீஸா?"

முப்பது மெஷின், ஒரே லைன்

ஒரு கிராமத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் ரூம் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். முப்பது மெஷின், ஆனால் நெட் லைன் ஒன்றே ஒன்று, அதுவும் நூல்போல. டீச்சர் ஒரு பாட வீடியோவை முப்பது பேரும் இறக்குங்கள் என்று சொன்னால், முப்பதும் ஒரே நேரத்தில் அந்த நூலைப் பிடித்து இழுக்கும். மணி அடிக்கும்வரை ஒரு பிள்ளையும் ஒரு நிமிஷப் படம்கூடப் பார்த்திருக்காது. நான் போய், ஒரு மெஷின் மட்டும் வெளியிலிருந்து வாங்கட்டும், மற்றதெல்லாம் பக்கத்து பெஞ்சிடம் துண்டு துண்டாக வாங்கிக்கொள்ளட்டும் என்று அதே டோரண்ட் முறையை அமைத்துக் கொடுத்தேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் முப்பதிலும் பாடம் வந்துவிட்டது. டீச்சருக்கு ஒரே ஆனந்தம். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பொண்ணு மட்டும் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து பெஞ்ச பாத்து எழுதுனா மிஸ்ஸு அடிப்பாங்க. நீங்க அதையே கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர்றீங்களே, ஆன்ட்டி?"

தனசேகர் கேட்டது

அந்தப் பள்ளி வேலை முடிந்த சமயத்தில்தான் தனசேகர் வந்தார். குருவிநத்தத்துக்காரர், முப்பத்தேழு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. பஸ் ஏறி, குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகவே கடைக்கு வந்து, நாற்காலி எங்கே என்று கேட்டு உட்கார்ந்தார். அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுதப் போகிறார். பார்வை இல்லாதவர்களுக்கான வயதுச் சலுகையைச் சேர்த்தாலும் அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பதில் எழுத உதவியாள் கொடுப்பார்கள், இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஆனால் படிப்பதற்கு? புத்தகம் எல்லாம் அச்சில்தான் இருக்கிறது. தங்கச்சி கழனி வேலைக்குப் போய் வந்து வாசித்துக் காட்டுவாள். இரண்டு பக்கம் தாண்டினால் தூங்கிவிடுவாள், பாவம்.

யாராவது வாசித்து ரெக்கார்டு செய்து கொடுத்தால் லேப்டாப்பில் கேட்டுக்கொள்வேன் என்றார். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். பார்க்க முடியாதவர்களுக்காக வாசித்துக் கொடுப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது, விற்காமல் இருந்தால் சரி என்றார். அன்றிலிருந்து என் கடைக்கு லேப்டாப் கொடுக்க வந்த ஒருத்தரையும் நான் சும்மா விடவில்லை. ரிப்பேர் ஆகும்வரை மோட்டுவளையைப் பார்ப்பதற்குப் பதில் ஒரு பாடம் வாசியுங்கள் என்று கையில் புத்தகத்தையும் மைக்கையும் கொடுத்தேன். பத்து வீட்டுக்காரர்கள் நிஜமாகவே பிடித்துக்கொண்டு, வீட்டிலும் வாசிக்க ஆரம்பித்தார்கள். தனசேகரிடம் சொன்னபோது அவர் நன்றி எல்லாம் சொல்லவில்லை.

"அக்கா, வேகமா படிக்கறவங்களா பாத்துப் போடுங்க. எனக்கு வயசு ஓடிக்கினு இருக்குது."

செல்வி அக்காவின் சமையலறை

வாசிப்பவர்களில் கலியபெருமாள் அண்ணனும் அவர் மனைவி செல்வி அக்காவும் முக்கியமானவர்கள். கரும்பு, நெல் இரண்டும் வைத்திருக்கிற குடும்பம். மகன் ஹாஸ்டலில் படிக்கிறான், அவனுடைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா இருந்தது. அண்ணன் பொருளாதாரம் வாசித்தார். வாசித்தார் என்று பெயர்தான். ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் "இதெல்லாம் புஸ்தகத்துல நல்லாதான் இருக்கும்" என்று ஒரு விமரிசனம் வைப்பார். அதை வெட்டி எடுப்பதற்குள் எனக்கு விரல் தேய்ந்துவிடும்.

செல்வி அக்கா அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஓய்ந்த நேரம் என்பது சோறு வேகிற நேரம்தான். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து வாசிப்பார், பின்னால் குக்கர் விசில் அடிக்கும். கணீரென்ற குரல், நிதானமான வாசிப்பு. அந்த விசில்கள் மட்டும் என் மானத்தை வாங்கின. தனசேகரிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்றேன். அவர் பதறிப் போனார்.

"ஐயோ அத்த எடுக்காதீங்கக்கா, மூணாவது விசில் வந்தா அடிப்படை உரிமை முடிஞ்சிதுன்னு நான் கணக்கு வெச்சிக்கினு இருக்கேன்."

கிண்ணம் காலியாகப் போகாது

வாசித்ததை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோவது அடுத்த தலைவலி. மெயிலில் போகவில்லை, அவ்வளவு பெரிய ஃபைல். இலவச ஆன்லைன் இடம் இரண்டே வாரத்தில் நிரம்பிவிட்டது. பென்டிரைவில் அனுப்பிப் பார்த்தோம். ஒன்று சட்டைப் பையோடு துவைக்கப்பட்டு, சட்டையோடு இஸ்திரியும் போடப்பட்டு என் மேஜைக்கு வந்தது. அப்போதுதான் பள்ளியில் செய்ததை நினைத்து, அந்தப் பத்து வீட்டு மெஷினிலும், தனசேகர் லேப்டாப்பிலும், என் கடையிலும் ஒரு பொது ஃபோல்டர் வைத்தேன். யார் புதிதாக வாசித்துப் போட்டாலும் அது மற்ற எல்லாரிடமும் தானாகப் போய்ச் சேரும். எந்த மெஷின் ஆனில் இருக்கிறதோ அதனிடமிருந்து துண்டு வரும். ஒருவர் மெஷின் கெட்டுப்போனாலும் ஊரில் இன்னும் பதினோரு பிரதி இருக்கும்.

நன்றாகத்தான் நடந்தது, கலியபெருமாள் அண்ணன் ஒருவரைத் தவிர. எல்லாப் பாடமும் வந்து சேர்ந்ததும் மெஷினை ஆஃப் செய்துவிடுவார். தன்னுடையது தனக்கு வந்துவிட்டது, அப்புறம் எதற்குக் கரண்ட்டை எரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நீங்கள் ஆஃப் செய்தால் உங்களிடம் இருப்பது அடுத்தவருக்குப் போகாது என்று பெரிய விளக்கமே கொடுத்துப் பார்த்தேன். ஏறவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்வி அக்காவுக்கு ஒரே நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"பக்கத்து வூட்ல கொழம்பு வாங்குன கிண்ணத்தைக் காலியாவா திருப்பிக் குடுப்ப? அது மாதிரிதான் இதுவும், தெறந்து வையி."

எல்லாரும் பூஜையில்

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, சென்னையில். தனசேகர் சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. கடையைக் கழுவி, மெஷின்களுக்கு மாலை சாத்தி, பொரியை இலையில் கொட்டிக்கொண்டிருந்தேன். குச்சிச் சத்தம் கேட்டது. தனசேகர் தங்கச்சியோடு வந்திருந்தார். முந்தின நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது லேப்டாப் கீழே விழுந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். ஹார்டு டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருந்த அத்தனையும் போய்விட்டது. மற்ற பாடமெல்லாம் ஓரளவு மனசில் இருக்கிறது, அரசியலமைப்பை மட்டும் கடைசியாக ஒரு தடவை முழுசாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன் என்றார்.

கவலைப்படாதீர்கள், பதினோரு பிரதி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வேறு டிஸ்க் மாட்டினேன். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் மெஷினின் மாலையை விலக்கி ஆன் செய்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஊருக்கெல்லாம் திறந்து வையுங்கள் என்று உபதேசம் செய்த நானே, இடம் போதவில்லை என்று அரசியலமைப்பை என் மெஷினிலிருந்து அழித்திருந்தேன், எல்லாரிடமும்தான் இருக்கிறதே என்று. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. யார் மெஷின் ஆனில் இருக்கிறது என்று காட்டுகிற பட்டியலைப் பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் பச்சையாக இருந்தது: வில்லியனூர் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி. தையல்காரர், எம்பிராய்டரி டிசைனுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார், மாதா கோயிலுக்குப் போகிறவர், அதனால் அவர் வீட்டில் மட்டும் மெஷினுக்கு லீவு இல்லை. மற்ற ஒன்பதும் மாலை போட்டுக்கொண்டு சரஸ்வதி முன்னால் உட்கார்ந்திருந்தன. மேரியிடமிருந்து வரலாறு வந்தது, கணக்கு வந்தது. அரசியலமைப்பு முதல் விசிலோடு நின்றுவிட்டது. மேரி எங்களோடு கடைசியாகச் சேர்ந்தவர். அவர் வாங்கிக்கொண்டிருந்த பாதியில் கலியபெருமாள் அண்ணன் ஆஃப் செய்திருக்கிறார், மீதியை மற்றவர்களிடம் வாங்குவதற்குள் எல்லாரும் மெஷினை ஆஃப் செய்து பூஜைக்குத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் படைத்து முடித்தாகிவிட்டது, இனிமேல் நாளைக்கு நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போட்டுத்தான் தொட முடியும் என்றார். மகனின் படிப்பு விஷயம், சாமி காரியத்தில் அவர் விளையாட மாட்டார். எனக்குக் கோபிக்கவும் வாய் வரவில்லை. என் கடையில் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு நல்ல நேரம் வரும்போது தனசேகர் திண்டிவனம் தாண்டியிருப்பார். போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவரே சொன்னார்.

"வுடுங்கக்கா, யார் மேலயும் தப்பில்ல. கேட்ட வரைக்கும் எழுதிட்டு வர்றேன்."

யாருக்கா அது?

அரை மணி நேரம் கழித்து ஸ்கிரீனில் இரண்டாவது பெயர் பச்சையானது. கலியபெருமாள் அண்ணன் வீடு. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதற்குள் செல்வி அக்கா போனில் வந்தார். மெஷினை இடத்தை விட்டு நகர்த்தவில்லையாம், மாலையை எடுக்கவில்லையாம், சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஊதுவத்தி ஸ்டாண்டின் முனையால் பட்டனை அழுத்தினாராம். அண்ணன் முதலில் முறைத்தாராம். அப்புறம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அக்கா அதோடு விடவில்லை. வாசிக்கிற மற்ற வீடுகளுக்கும் வரிசையாகப் போன் போட்டு, தான் செய்ததையும் அதற்கான நியாயத்தையும் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது பெயர் வந்தது. நான்காவது வந்தது. தனசேகருக்கு ஸ்கிரீன் தெரியாதே, அதனால் நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "யாருக்கா அது?" என்று கேட்பார், நான் பெயரைச் சொல்வேன், அவர் அந்தக் குரல் வாசித்த பாடத்தைச் சொல்வார். சிலரை அவர் நேரில் சந்தித்ததே கிடையாது. மத்தியானத்துக்குள் பத்து வீடும் பச்சையாகிவிட்டது. ஒன்பது சாமி படத்துக்கு முன்னால், மாலைக்கும் பொரிக்கும் நடுவில், ஒன்பது மெஷின் யாரும் தொடாமல் கொடுத்துக்கொண்டிருந்தன. அரசியலமைப்பு முழுசாக வந்து சேர்ந்தது. இயர்போனை மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த தனசேகர், மூன்றாவது விசில் வந்ததும் கையை உயர்த்திக் காட்டினார். நான் அழுதேன், அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

செல்வி அக்கா எல்லார் வீட்டிலும் சொன்ன நியாயம் என்ன என்று மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"இன்னிக்கு அதுங்கிட்ட வேலை வாங்கக் கூடாதுன்னுதான் இருக்குது. அது பாட்டுக்குக் குடுத்துக்கினு இருந்தா, சாமி இன்னா வேணாம்னா சொல்லும்?"

இப்போது

தனசேகர் தேர்வாகிவிட்டார். சர்டிபிகேட் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கிறது, வேலைக்கான உத்தரவு வரவேண்டும். கடிதத்தை என்னிடம் கொண்டு வந்து, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை ரெக்கார்டும் செய்துகொண்டார். அரசியலமைப்பை என் மெஷினில் திரும்ப ஏற்றிவிட்டேன், இடம் போதாமல் வேறு எதை அழித்தேன் என்று கேட்காதீர்கள். கலியபெருமாள் அண்ணன் மெஷினை இப்போது ஆஃப் செய்வதில்லை. கேட்டால், சுவிட்ச் இறுகிவிட்டது என்கிறார்.

எங்கள் ஃபோல்டரில் இப்போது திருவாண்டார்கோயில் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், தனசேகர் போலவே பார்வை இல்லாதவள், அதே பரீட்சைக்குப் படிக்கிறாள். கடலூரிலிருந்தும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆள் சேரச் சேரப் பங்கு குறையும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இதில் ஆள் சேரச் சேர வேகம் கூடுகிறது. அதனால்தான் இந்த முறை இன்னும் ரொம்ப தூரம் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொண்ணுக்காக விசில் இல்லாமல் சுத்தமாக வாசிக்கலாம் என்று செல்வி அக்கா புதிதாக ஆரம்பித்தார். இரண்டு நாள் கேட்டுவிட்டு அவள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, தனசேகர் அண்ணனுக்குக் குடுத்த பழசையே எனக்கும் குடுங்க. இதுல எங்க வந்து நிக்கறேன்னே தெரியல."

பதினான்கு வருஷமாக எந்த வியாதிக்கும் "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று ஒரே மருந்தைச் சொல்லிப் பிழைத்து வந்த நான், இப்போது "ஆன் பண்ணிட்டு அப்படியே வுடுங்க" என்று சொல்கிறேன், சந்தன மவுஸை மட்டும் இன்னமும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.